அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட திராட்சை

கிளமெண்டி
6 ஆகஸ்ட் 1979

திருமதி பிலோமினம்மாள் அவர்களுக்கு,

உங்கள் உடன்பிறந்த தம்பி பெர்னார்ட் எழுதுவது. நேற்று ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் நீங்கள் செய்த காரியத்தைப் பற்றி எழுதுகிறேன். போனில் பேச எனக்கு விருப்பமில்லை. பேசினால் கத்துவேன். கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவன் நான். வீட்டுக்கு வந்ததிலிருந்து கஞ்சியும் அவித்த மீனும்தான் என் சாப்பாடு. உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. தேக்கா மார்க்கெட்டில் பழக்கடை வைத்திருக்கிற நெய்னா முகம்மது, பாவம், கடையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி என்னைப் பார்க்க வந்தார். வெறுங்கையோடு வராமல் கறுப்புத் திராட்சை கொண்டுவந்தார். என் மனைவி அல்போன்ஸ் அதைக் கழுவிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு என் கையில் கொடுத்தாள். பல நாளைக்குப் பிறகு எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறேன், நீங்கள் உள்ளே வருகிறீர்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய், குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டினீர்கள். ஒன்பதாவது மாடியிலிருந்து அவை கீழே போகிற சத்தத்தை நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டேன்.

பிறகு வந்த விருந்தாளி முன்னாலேயே சொன்னீர்கள்: "அந்தோனியார்கிட்ட நேந்துருக்கேன். இவன் பொழச்சா, திராட்சையில பொறந்த எதையும் ஆயுசுக்கும் வாயில வைக்க மாட்டான்னு." எனக்கே அப்போதுதான் தெரியும். படுத்துக் கிடந்தது நான், பிழைத்தது நான், நேர்ந்தது நீங்கள். என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

நெய்னா முகம்மது தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த தடவை பப்பாளி கொண்டுவருகிறேன் என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அந்த மனிதரிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடமும் கேட்க வேண்டும். அதுவரை என் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

பெர்னார்ட்


தோ பாயோ
9 ஆகஸ்ட் 1979

சேசு மரி சூசை

தம்பி பெர்னார்ட்,

திருமதியாம், அவர்களுக்காம். உனக்கு மூக்குச் சிந்திவிட்டு வளர்த்தவள் நான். எப்போதிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? போனை எடுத்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி.

இன்று தேசிய தினம். பள்ளிக்கூடக் கேண்டீன் மூடியிருக்கிறது. பிள்ளைகளுக்கு மீ சியாம் சேமியா கிண்டுகிற வேலை இல்லை. கீழே ஒலிபெருக்கி காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது, அதுவும் ஒரு வசதி.

நீ கப்பல் பட்டறை ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டாய் என்று எனக்குக் கேண்டீனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அல்போன்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உன் காலிலிருந்து கழற்றிய சப்பாத்து இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன், தெரியவில்லை என்றாள். டாக்டர் வந்து, பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. டாக்சி பிடித்து ஓபிர் ரோடு கோவிலுக்குப் போனேன். அந்தோனியார் சொரூபத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்தேன். அப்போது வாயில் வந்ததுதான் அந்த நேர்ச்சை.

பிராந்தி என்று மட்டும் நேர்ந்திருக்கலாமே என்று அல்போன்ஸ் கேட்டாள். அவளுக்கு உன்னைக் கல்யாணத்திலிருந்துதான் தெரியும், எனக்குத் தொட்டிலிலிருந்து தெரியும். பிராந்தியை விடு என்று நான் சொன்னபோது போர்ட் ஒயினுக்குப் போனாய், அது டானிக் என்றாய். ஒயினை விடு என்றேன். மழை பெய்தால் முட்டையை உடைத்து பிராந்தியில் ஊற்றிக் கலக்கி, இது மருந்து என்றாய். நான் வாயைத் திறந்தால், "பிராந்தின்னா என்னக்கா, திராட்சைதானே லா, ரத்தம் ஊறும்" என்பாய். உன்னைப் போல சந்து பொந்து கண்டுபிடித்து ஓடுகிற ஆளை நான் பார்த்ததில்லை. அதனால்தான் ஒரு சந்துகூட விடாமல் அடைத்து நேர்ந்தேன்.

அப்படி அடைத்ததில் பழமும் மாட்டிக்கொண்டது. நான் என்ன செய்ய? வாய்தவறிச் சொல்லிவிட்டேன் என்று புனிதரிடம் போய் நிற்க முடியுமா? அவர் தன் பங்கைச் செய்துவிட்டார். நீ நாற்காலியில் உட்கார்ந்து என்னைத் திட்டிக் கடிதம் எழுதுகிறாய்.

நீ ஒரு பழத்தைத் தின்று, அதற்காக அவர் உன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டால் நான் யாரிடம் போவேன்? எனக்குப் பயமாக இருக்கிறது, பெர்னார்ட். கோபம் எல்லாம் மேலுக்குத்தான். ஆப்பிள் சாப்பிடு, பப்பாளி சாப்பிடு, உலகத்தில் எத்தனையோ பழம் இருக்கிறது.

உன் அக்கா


கிளமெண்டி
15 ஆகஸ்ட் 1979

அக்காவுக்கு,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

ஆப்பிளைக் கடிக்க எனக்குப் பல் இல்லை. கீழே கட்டிய பல் ஆடுகிறது. பப்பாளி வாசனை எனக்குப் பிடிக்காது, அது உனக்கே தெரியும். திராட்சையைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் எனக்குச் சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுக்க ஒரு சீனப் பெண் வந்தாள், சின்ன வயசு, பெரிய கண்ணாடி. என் அலமாரியில் இருந்த பிஸ்கட்டையெல்லாம் எடுத்துவிட்டாள். பீசாங் கோரேங் வாழைப்பழப் பொரியல் கூடாது, கேக் கூடாது, தேங்காய்ப்பால் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனாள். அப்புறம் நான் செத்துப்போயிருக்கலாமே என்றேன். சிரித்துவிட்டு, இனிப்பு வேண்டும் என்று தோன்றினால் ஒரு கைப்பிடி திராட்சை சாப்பிடுங்கள் அங்கிள் என்றாள்.

அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. திராட்சையில் கொழுப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. உப்பும் கிடையாது, எனக்கு இருக்கிற ரத்த அழுத்தத்துக்கு அது நல்லது. பாதிக்கு மேல் தண்ணீர்தான், தாகம் அடங்கும். தோலை உரிக்காமல் மென்று சாப்பிட வேண்டும், நார்ச்சத்து தோலில்தான் இருக்கிறது. இதை அக்காவிடம் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: ஆஸ்பத்திரி மாத்திரையால் கட்டிக்கொண்டிருந்த வயிறு, திராட்சை சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் வழிக்கு வந்தது. காலையில் நான் பாத்ரூமிலிருந்து பாடிக்கொண்டு வருகிறேன் என்று அல்போன்ஸ் சொல்கிறாள்.

ரத்தம் ஊறுமா என்றும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அப்படியெல்லாம் நான் சொல்ல மாட்டேன், இது மருந்து இல்லை, பழம் என்றாள். சர்க்கரை வியாதி இருந்தால் இதையும் அளந்துதான் சாப்பிட வேண்டுமாம். எனக்குச் சர்க்கரை இல்லை. பிராந்தியிலும் திராட்சைதானே இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். பழத்தில் இருக்கிற நல்லது எதுவும் அந்தப் பாட்டிலுக்குள் வந்து சேராது என்றாள். முப்பது வருஷமாக நான் சொல்லிவந்த சாக்கு அன்றைக்கே போய்விட்டது.

இனி எழுதப்போவதை அல்போன்ஸிடம்கூட நான் சொன்னதில்லை.

இந்தப் புது அடுக்குமாடி புளோக்கில் சாயங்காலம் காரிடார் விளக்குகள் எல்லாம் தாமாக ஒரே நேரத்தில் எரியும். அது நான் வேலை முடிந்து வந்து பாட்டிலைத் திறக்கிற நேரம். விளக்கு எரிந்ததும் என் கை இப்போதும் கிளாஸைத் தேடுகிறது. உள்ளங்கை வேர்க்கிறது. கீழே இறங்கிக் காப்பிக்கடைக்குப் போய்விடலாமா என்று கால் பரபரக்கிறது. அந்த நேரத்தில்தான் நான் திராட்சைக் கிண்ணத்தை எடுக்கிறேன். ஒரு பழத்தை வாயில் போட்டு, தோலைப் பல்லால் கிழித்து, சாற்றை உறிஞ்சி, விதையை நாக்கால் ஒதுக்கி, தோலை அரைத்து விழுங்குவேன். அவசரப்பட மாட்டேன். ரேடியோவில் ஒரு பாட்டு முடிகிறவரை ஒரு பழம் வாயில் இருக்கும். கிண்ணம் காலியாகும்போது அந்த நேரம் தாண்டிப் போயிருக்கும். அன்றைக்கு ஒருநாள் பிழைத்தேன் என்று போய்ப் படுத்துக்கொள்வேன்.

நீ கொட்டிய மறுநாளே வேறு வாங்கிவரச் சொன்னேன், அன்றிலிருந்து தினமும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நிறுத்தினால் பாட்டிலுக்குப் போய்விடுவேன், அக்கா. சத்தியமாகச் சொல்கிறேன். என்னைப் பிடித்துவைத்திருப்பது அந்தப் பழம் ஒன்றுதான்.

வாக்குக் கொடு, குடிக்க மாட்டேன் என்று சொல் என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். நான் கொடுத்ததில்லை, இப்போதும் கொடுக்க மாட்டேன். எனக்குப் பதிலாக நீ கொடுத்த வாக்கும் எனக்கு வேண்டாம். நம்பிக்கை இல்லையென்றால் பங்குச் சாமியிடம் போய்க் கேள்.

பெர்னார்ட்


தோ பாயோ
29 ஆகஸ்ட் 1979

சேசு மரி சூசை

தம்பி பெர்னார்ட்,

உன் கடிதத்தைக் கேண்டீனில் வைத்துப் படித்தேன். வீட்டுக்குப் போய்ப் படித்திருக்க வேண்டும். குழம்பு ஊற்ற மறந்து ஒரு பிள்ளைக்கு வெறும் சேமியாவைக் கொடுத்துவிட்டேன். அது தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, ஆன்ட்டி ஏன் அழுறீங்க என்று கேட்டது. சம்பல் காரம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் சாமியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் காரிடார் விளக்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, அது உன்னுடைய விஷயம். தம்பி நேர்ச்சையை மீறித் திராட்சை சாப்பிடுகிறான், அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று கேட்டேன். சாமி அங்கியை மடித்துக்கொண்டே, நேர்ந்தது யார் என்றார். நான்தான் என்றேன். தம்பி சம்மதித்தானா என்றார். அவனுக்கு அப்போது நினைவே இல்லை சாமி என்றேன்.

"அப்ப இது உங்களத்தாம்மா கட்டும்" என்றார். "ஒருத்தர் நேந்ததை இன்னொருத்தர் தலையில கட்ட முடியாது. அவருக்கு ஒண்ணும் ஆகாது. நல்லா சாப்பிடச் சொல்லுங்க."

எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. சாமியின் கையைப் பிடித்து உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டு வாசல்வரை வந்துவிட்டேன். வாசலில்தான் எனக்கு உறைத்தது. திரும்பிப் போனேன். அப்படியானால் திராட்சையை விட வேண்டியது நானா என்று கேட்டேன். சாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்கள் நேர்ந்தது நல்ல எண்ணத்தில், வேண்டுமானால் அதை வேறு ஏதாவது தர்மமாக மாற்றித் தருகிறேன் என்றார்.

நான் வேண்டாம் என்றுவிட்டேன். நான் கேட்டபோது அந்தோனியார் இது பெரிது, வேறு ஏதாவது கேள் என்று சொல்லவில்லை. உன்னைக் கொடுத்தார். இப்போது என் முறை வந்ததும் நான் குறைத்துக் கேட்டால் அது நியாயமா?

ஆகவே நீ சாப்பிடு. தோலோடு சாப்பிடு, விளக்கு எரியும்போது சாப்பிடு, பாத்ரூமிலும் பாடு. திராட்சையை விட்டுவிட்டவள் நான். நெய்ச்சோற்றில் போடுகிற உலர்ந்த திராட்சை, கிறிஸ்துமஸ் கேக், எல்லாம் போயிற்று. இந்தப் பங்கில் பாதிப் பேர் என் வீட்டு ஒயினுக்காகத்தான் கிறிஸ்துமஸ் அன்று தோ பாயோ வருகிறார்கள். இந்த வருஷம் ஒயின் போடுகிற பரணி ஜாடி காலியாகத்தான் இருக்கும். என் வாய் எனக்கே வைத்த வேட்டு இது.

நெய்னா முகம்மதுவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் பெரிய மனிதர், அன்றைக்கே மறந்துவிட்டேன் என்றார். வழக்கம்போல ருசி பார்க்க ஒரு பழத்தைக் கிள்ளி நீட்டினார். என் கையும் போய்விட்டது. பாதியில் இழுத்துக்கொண்டேன். உனக்கு ஒரு கிலோ வாங்கி, லாசரஸ் வேலைக்குப் போகிற வழியில் உன் வீட்டில் கொடுக்கும்படி அனுப்புகிறேன். அவன் வழியில் பையைத் திறந்திருந்தால் எனக்கு எழுது, என் மகனானாலும் விட மாட்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அதை எதிர்பார்க்காதே.

உன் அக்கா


கிளமெண்டி
10 செப்டம்பர் 1979

என் அருமை அக்காவுக்கு,

மூன்று நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். சிரிப்பது நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டர் சொல்கிறார். அந்த வகையில் உன் நேர்ச்சை எனக்கு இரண்டு தடவை உதவியிருக்கிறது.

லாசரஸ் பையைத் திறந்திருக்கிறான். காம்பில் பழம் இல்லாத இடம் நிறையத் தெரிந்தது. கேட்டதற்கு, பஸ் குலுங்கியது மாமா என்றான்.

எடை குறைந்திருக்கிறது. புளோக்கிலிருந்து மார்க்கெட்வரை மூச்சு வாங்காமல் நடந்துபோய் வருகிறேன். அடுத்த மாதம் வேலைக்குப் போகலாமாம். உன் பரணி ஜாடி சும்மாதானே இருக்கிறது, ஊறுகாய் போடக் கொடுப்பாளா என்று அல்போன்ஸ் கேட்கிறாள். நான் கேட்கச் சொல்லவில்லை.

இதை எழுதும்போது விதையில்லாத ஆஸ்திரேலியத் திராட்சை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். தேன் மாதிரி இருக்கிறது. சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன்.

பெர்னார்ட்


தோ பாயோ
27 டிசம்பர் 1979

சேசு மரி சூசை

தம்பி பெர்னார்ட்,

கிறிஸ்துமஸுக்கு நீயும் அல்போன்ஸும் வரவில்லை. காய்ச்சல் என்று போனில் சொன்னாய். குரலில் காய்ச்சல் இல்லை. பரவாயில்லை, எனக்குப் புரிந்தது. நான் ஒயின் போடாவிட்டாலும் வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டார்கள். நீ வந்திருந்தால் அந்த மேசைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பாய்.

கேக் கதையைக் கேள். உலர்ந்த திராட்சைக்குப் பதிலாகப் பூசணிக்காய் இனிப்பு, இஞ்சி மிட்டாய், பேரீச்சம்பழம் எல்லாம் நறுக்கிப் போட்டேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. லாசரஸ் ஒரு துண்டு வாயில் வைத்துவிட்டு, "அம்மா, இது கேக்கா, இல்ல கஷாயமா?" என்றான். அவன் மனைவி அந்தோனியம்மாள் பிள்ளைத்தாய்ச்சி, ஆறு மாதம். அவள் மட்டும்தான் இன்னொரு துண்டு கேட்டாள். அவள் இப்போது சுண்ணாம்பைக் கொடுத்தாலும் கேட்பாள். கோவிலில் எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஏன் ஒயின் இல்லை, உடம்புக்கு என்ன, சண்டையா என்று கேட்டார்கள். அந்தோனியாருக்கும் எனக்கும் ஒரு கணக்கு என்று சொல்லித் தப்பித்தேன்.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். திராட்சை ஒரு பெரிய விஷயமா என்றுதான் நினைத்திருந்தேன். விட்ட பிறகுதான் என் கை எத்தனை இடத்தில் அதைத் தேடிப் போகிறது என்று தெரிகிறது. பாயாசத்தில் கரண்டி விட்டால் தேடுகிறது. தேக்காவில் நெய்னா முகம்மது கடைக்கு முன்னால் போனால் கால் தானாக நிற்கிறது. வேண்டாம் என்று முடிவு செய்த பிறகும் கைக்கு அது தெரிய மாட்டேன் என்கிறது.

நான் பழத்தைத்தான் விட்டிருக்கிறேன், அதற்கே இந்தப் பாடு. உனக்கு அந்த விளக்கு எரிகிற நேரம் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் கொஞ்சம் தெரிகிறது. இத்தனை வருஷம் உன்னைத் திட்டினேனே தவிர, இதை நான் யோசித்ததே இல்லை.

இனி உன்னிடம் வாக்குக் கேட்க மாட்டேன். நீ இருந்தால் போதும்.

உன் அக்கா


கிளமெண்டி
16 ஏப்ரல் 1980

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் பேரனின் ஞானஸ்நான விருந்தில் உனக்கு எதிர் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைக் கவனிக்கவில்லை. உன் கவனம் எல்லாம் இலையில் இருந்தது.

நெய்ச்சோறு பரிமாறினார்கள். நீ சோற்றை விரலால் விலக்கி, உலர்ந்த திராட்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இலை ஓரத்தில் வரிசையாக வைத்தாய். பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேட்டாள், நீ சிரித்துக்கொண்டே பதில் சொன்னாய். பிறகு ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டாய். பாயாசம் வந்ததும் மறுபடியும் அதே வேலை. இலையை மூடும்போது அந்த வரிசையை ஒரு தடவை பார்த்தாயே, அதை நான் பார்த்துவிட்டேன். செப்டம்பரில் அப்படிச் சிரித்துக் கடிதம் எழுதியவன் நான். அன்றைக்குப் பாயாசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டேன்.

நான் ஏன் வாக்குக் கொடுப்பதில்லை என்று உனக்குத் தெரியுமா? கொடுத்தால் மீறிவிடுவேனோ என்ற பயம். கொடுக்காமல் இருந்தால் யாரும் என்னைக் கேட்க முடியாது. அதைக் கெட்டிக்காரத்தனம் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கொடுக்காத வாக்கை நீ உன் இலை ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாய்.

நேற்று செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து நேராக ஓபிர் ரோடு போனேன். சாமியைப் பார்த்தேன். நானே என் வாயால் நேர்ந்தால் அக்காவை விடுவிக்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். உன் நேர்ச்சையை, செவ்வாய்தோறும் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக மாற்றித் தருகிறாராம். ஆனால் ஒரு தடவை மாட்டேன் என்று போனவர், மறுபடியும் மாட்டேன் என்றால் நான் வற்புறுத்த முடியாது என்றார். உன்னை அவருக்கும் தெரிந்திருக்கிறது.

பிறகு சொரூபத்துக்கு முன்னால் போய் நின்றேன். முழங்கால் மடங்கவில்லை, மூட்டுவலி, அதனால் நின்றபடியேதான். "அந்தோனியாரே, நான் பெர்னார்ட். இந்தத் தடவை நானே பேசுறேன். பிராந்தி, விஸ்கி, பீர், கள்ளு, சம்சுச் சாராயம், போர்ட் ஒயின், முட்டை போட்டது, மழைக்குக் குடிக்கிறது, யாரும் பாக்காம குடிக்கிறது, எதுவும் இனி வேண்டாம்." மேலே எந்தச் சந்து பாக்கி என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாண வீட்டில் ஒரு வாய் என்பது ஞாபகம் வந்தது, அதையும் சேர்த்தேன். உன் தம்பியல்லவா, எனக்குத் தெரியாத சந்தா? திராட்சைப் பழத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.

முடித்ததும் உடம்பு லேசாக இருந்தது. பயமும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து அல்போன்ஸிடம் சொன்னேன். அவள் என் சப்பாத்தை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

27ஆம் தேதி ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து அந்தோனியார் சொரூபத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். கையில் நெய்னா முகம்மது கடைப் பை இருக்கும். நீ மாட்டேன் என்றால் பையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறேன். ஆனால் வா, அக்கா. நான் கேட்டு நீ எதையும் மறுத்ததில்லை, குப்பைக் குழாயில் போட்டது ஒன்றைத் தவிர.

உன் தம்பி


தோ பாயோ
28 ஏப்ரல் 1980

சேசு மரி சூசை

என் தங்கத் தம்பி பெர்னார்டுக்கு,

நேற்று வாய் நிறையப் பழம் இருந்ததால் ஒன்றும் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மாட்டேன் என்று சொல்லத்தான் வந்தேன். பூசை முழுக்க அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பூசை முடிந்து பார்த்தால், நீ சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். சின்ன வயதில் கோவிலில் முதல் நன்மை வாங்கிய அன்று மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அதே முகம். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. சாமியிடம் போய், மாற்றிக் கொடுங்கள் சாமி, மெழுகுவர்த்தி பெரியதாகவே ஏற்றுகிறேன் என்றேன்.

படியில் உட்கார்ந்து எத்தனை சாப்பிட்டேன் என்று நீ எண்ணியிருந்தால் யாரிடமும் சொல்லாதே. விதையோடு விழுங்கிவிட்டேன். சாறு சேலையில் வடிந்து கறை போகவில்லை, வெள்ளைச் சேலை. போகாவிட்டால் போகட்டும். நெய்னா முகம்மது நல்லதாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்.

பரணி ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அல்போன்ஸிடம் ஊறுகாய்க்கு வேறு ஜாடி பார்க்கச் சொல். ஒயின் போடப்போவதில்லை. திராட்சையைக் கொதிக்கவைத்துப் பிழிந்து, சர்க்கரை கம்மியாகப் போட்டு சர்பத்தாக எடுத்து வைப்பேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் மேசையில் அது மட்டும்தான் இருக்கும். பாட்டிலோடு வருகிறவர்கள் பாட்டிலை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரட்டும். பங்கு என்ன பேசினாலும் பேசட்டும். உனக்குக் காய்ச்சல் வரக் கூடாது, அவ்வளவுதான்.

அன்றைக்குக் கொட்டிய திராட்சைக்கு நீ இன்னும் மன்னிப்பை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடு. கேட்க மாட்டேன் என்றால் கேட்க மாட்டேன்தான். அதற்குப் பதில் வேறு ஒன்று செய்கிறேன்.

என் புளோக்கிலும் சாயங்காலம் காரிடார் விளக்கு தானாகத்தான் எரிகிறது. நான் இத்தனை நாள் கவனித்ததில்லை. இன்றைக்கு ஒரு கிண்ணத்தில் திராட்சையைக் கழுவிப் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இனி தினமும் உட்காருவேன். நீ மெதுவாகச் சாப்பிடுகிற மாதிரி, ஒரு பாட்டுக்கு ஒரு பழம். கிளமெண்டியில் உனக்குக் கை தேடுகிறபோது, தோ பாயோவில் நானும் கிண்ணத்தோடு இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்.

விளக்கு எரிந்துவிட்டது. பேனாவை வைக்கிறேன். எடு, பெர்னார்ட், சாப்பிடலாம்.

உன் அக்கா
பிலோமினா